முதுகு காட்டிய பெண்ணுக்கு ஒரு வசனம்

டப்பிங் கூடத்தில் அவளை எல்லோரும் 'அலறல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுப் படங்களில் பெண்கள் எங்கே அலறினாலும் அது அவள் குரல்தான். வீட்டில் ஒருநாள் தொண்டையைப் பழக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் உலக்கையோடு ஓடிவந்துவிட்டார். அன்றிலிருந்து தலையணையில் முகம் புதைத்துத்தான் பயிற்சி.

அந்த முறை வந்தது பழைய குதிரைவீரர் படம். புழுதி, வெயில், கண்ணை மட்டும் காட்டி முறைக்கும் மனிதர்கள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அத்தனை பெரிய வானத்தை அவள் திரையில் பார்த்ததேயில்லை. ஒரு குறைதான்: பிணத்துக்குப் பஞ்சமில்லை, பேருக்குத்தான் பஞ்சம். எவன் எதற்காகச் சாகிறான் என்று கேட்டால், குண்டு பட்டது, செத்தான், அவ்வளவுதான் என்பார் டப்பிங் இயக்குநர்.

அவள் பங்குக்கு ஒரு மளிகைக் கடைக்காரன் மனைவி. தெருவில் கணவன் சுடப்பட்டு விழுகிறான். அவள் ஓடிவந்து அலற வேண்டும். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டி அவன்மேல் குனிகிறாள். அதற்கப்புறம் படத்தில் அவள் இல்லை.

அலறல் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஆனால் திரையில் அந்த முதுகு குனிந்தபோது இவள் மைக்கை விட்டு நகரவில்லை. கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்:

"எழுந்திருங்க. கடை திறந்தே கிடக்கு."

ஒலிப்பதிவாளர் தலையை நிமிர்த்தினார். இயக்குநர், வசனத் தாளில் இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்று கடிந்துகொண்டார். முகம் தெரியவில்லையே, உதட்டசைவு இடிக்காதே என்றாள் அவள். அவர் அந்தத் துண்டை மறுபடி ஓட்டச் சொன்னார். கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார்.

"பின்னணி இசையைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பிங்க. அந்தம்மா பேசி முடிக்கட்டும்" என்றார்.

படம் வெளியானதும் கணவனோடு போய்ப் பார்த்தாள். துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் விசிலடித்த கூட்டம் அந்த இடத்தில் கப்சிப் என்றாயிற்று. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சுட்டவன் குதிரையேறிப் போகையில் ஒருவரும் கைதட்டவில்லை. கணவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. அவளைப் பார்த்துட்டே இருந்தேன், வாயில வந்துடுச்சு."

பேருந்து நிறுத்தம்வரை அவன் அவள் கையை விடவில்லை.

பட்டப்பெயர் என்னவோ மாறவில்லை. ஆனால் பேசும் வேடங்கள் வரத்தொடங்கின. திரையில் யாராவது முதுகைக் காட்டி நின்றால், ஓடும் படத்தை நிறுத்திவிட்டு இயக்குநர் அவள் பக்கம் திரும்புவார். "அக்கா, இவங்க ஏதாவது சொல்வாங்களா?" என்று கேட்பார். பல நாள் அவள் யோசித்துப் பார்த்து, இல்லை, சும்மா நிற்கட்டும் என்றே சொல்லிவிடுவாள்.