டீச்சர் சொன்ன சாட்சி

பழைய ரவிக்கை ஒன்றைக் கொடியில் உலர்த்துவதுபோல இரு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி டீச்சர் எழுந்து நின்றார். “போன கிறிஸ்துமசுக்குத் தச்சது. இப்ப இதுக்குள்ள ரெண்டு டீச்சர் போலாம்” என்றார். அறையே சிரித்தது. தூத்துக்குடியில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் உணவு ஆலோசகர். எடை குறைக்க வருகிறவர்களை மாதம் ஒருமுறை கூட்டிவைத்துப் பேசுவது என் பொறுப்பு. அங்கே ஒருவர் எழுந்து தன் அனுபவத்தைச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர், நாசரேத்துக்காரரான இந்த ஓய்வுபெற்ற டீச்சர்தான். கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து சொல்வதை அவருடைய திருச்சபையில் சாட்சி என்பார்களாம். அந்தப் பெயரே எங்களுக்கும் நிலைத்துவிட்டது. எந்த மதத்தவராக இருந்தாலும், வந்ததும் “இன்னைக்கு யாரு சாட்சி?” என்றுதான் கேட்பார்கள்.

நான் சொல்லிக்கொடுப்பதில் அதிசயம் எதுவும் கிடையாது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பழக்கம். அது யோசிக்காமல் கை செய்கிற அளவுக்குப் படிந்த பிறகுதான் அடுத்தது. வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வரும் இட்லிக்கடை அக்கா, கடை மூடும்போது மிஞ்சியதை எறிய மனமில்லாமல் தின்றுவிடுவார். மிஞ்சியதை உடனே தூக்குச்சட்டியில் போட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று இருவருமாகப் பேசி முடிவு செய்தோம். அந்த ஒன்று படியவே பல மாதங்கள் ஆயின. எடை மெல்லத்தான் இறங்கியது. அவருடைய முழங்கால்கள் தேய்ந்திருந்தன. எடை குறைந்தால்தான் அறுவைச் சிகிச்சை என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருந்தார்.

டீச்சரோ, சென்னையில் மகள் வீட்டில் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து மளமளவென்று இளைத்தார். கேட்டவர்களிடம், “நடந்தேன், சோத்தக் கொறச்சேன். மேடம் சொன்னதத் தவிர வேற ஒண்ணும் செய்யல” என்பார். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அவர் ரவிக்கையை விரித்துக் காட்டிய நாளின் பக்கத்தில் அவரைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. அக்கா சோர்ந்தபோதெல்லாம் டீச்சரைத்தான் காட்டினேன்.

பிறகொரு நாள் டீச்சர் தனியாக என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தலை சுற்றுகிறது, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்றார். ஏதேதோ கேட்டுப் பார்த்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“சென்னையில வயித்தச் சின்னதாக்கி ஆப்பரேஷன் பண்ணிட்டாவ. வெளிய மூச்சு விட்டுராதிய.”

எடை குறைக்கச் செய்யும் அந்த அறுவைச் சிகிச்சை தவறானதல்ல. தேவைப்பட்ட சிலரை அதற்கு நானே அனுப்பியிருக்கிறேன். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்?” என்றேன்.

“எப்படிச் சொல்ல? நீங்கதான் எல்லாருக்கும் என்னையக் காட்டிட்டு இருந்தியளே.”

பொய் சொன்னவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு உணவுப் பட்டியல் எழுதத் தொடங்கியவள் நான். என்ன சாப்பிட வேண்டும், எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்று விளக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்து, “மனசு வேணும்ளா. மனசு வச்சா ஒடம்பு கேக்கும்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நோயாளி நம்பி ஒப்படைத்த ரகசியம். என் வாயால் உடைக்க முடியாது. நானும் கைதட்ட வேண்டியிருந்தது. அவர் பொய் சொன்னதைவிட, அந்தக் கைதட்டலை என்னிடமிருந்து வாங்கியதுதான் இன்றும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. போன வாரம் நானே வேம்பாருக்குப் பஸ் ஏறினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து வரவேற்றார்.

“வாங்க மேடம். சட்னிய அளந்து ஊத்தட்டா, அள்ளி ஊத்தட்டா?”

“கிண்டல் இருக்கட்டும். ஏன் வரல?”

“டீச்சருக்கு இருக்க மனசு எனக்கு இல்ல மேடம். எங்காலு இப்படியே கெடக்கட்டும்.”

“டீச்சர் வேற, நீங்க வேற அக்கா” என்று மட்டும் சொன்னேன்.

“அதத்தான நானும் சொல்லுதேன்” என்றார்.