தம்பி கல்யாணத்துக்கு வந்த ஃப்ளாஷ்கள்

என் தம்பி குமரேசன் பாம்பைப் பார்த்தால்கூட ஓரமாக நின்று வழிவிடுவான், அவ்வளவுதான். அவன் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்கு. தாலி கட்டும் நேரத்தில் ஃப்ளாஷ் அணைந்துபோகக் கூடாது. திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணப் போட்டோ எடுப்பவனுக்கு அந்தப் பயம் இருக்க வேண்டியதுதான். ஆனால் இவனுக்கு இருந்தது பயமில்லை, வியாதி.

வியாதி தொற்றியது ஒலக்கூர் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில். ஸ்டுடியோ திறந்த புதிது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோகிறான், ஃப்ளாஷ் செத்துவிட்டது. படத்தில் இருட்டுக்குள் மாப்பிள்ளையின் பல் மட்டும் தெரிந்தது. பெண்ணின் அப்பா, "இன்னொரு வாட்டி கட்டச் சொல்லலாமா தம்பி?" என்று நிஜமாகவே கேட்டாராம். குருக்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வாரமே அந்தப் பாவம் போய் எரிச்சல் வந்துவிட்டது, ஏனென்றால் என் நகப்பூச்சு பாட்டில்களைக் காணவில்லை.

ஃப்ளாஷுக்கு நாலு பென்சில் பேட்டரி வேண்டும். நாலும் ஒன்றாக வாங்கியதாக, ஒன்றாக சார்ஜ் ஏற்றியதாக, ஒன்றாகத் தீர்ந்ததாக இருக்க வேண்டுமாம். ஒன்று சோர்ந்திருந்தாலும் மற்ற மூன்றையும் கெடுத்துவிடுமாம். அதற்காக நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு நாலுக்கும் ஒரு நகப்பூச்சுப் பொட்டு வைத்தான். சிவப்புக் குடும்பம், ரோஸ் குடும்பம், ஊதாக் குடும்பம். ஒரு குடும்பத்துப் பேட்டரி இன்னொரு குடும்பத்தோடு கலந்துவிட்டால் எங்கள் வீட்டில் அன்று சண்டை. குடும்பத்தில் ஒன்று தளர்ந்தால் நாலுக்கும் ஓய்வு கொடுத்துவிடுவான். ஓய்வு பெற்றவை எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கடிகாரங்களுக்குப் போகும். எங்கள் சொந்தத்தில் ஒருத்தரும் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்வேன்.

காது வேறு. படம் எடுத்ததும் ஃப்ளாஷ் மறுபடி சக்தி ஏற்றிக்கொள்ளும்போது கீச்சென்று மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் இழுத்தால் பேட்டரி சோர்கிறது என்று அர்த்தம். மேளம், நாதஸ்வரம், மைக் எல்லாவற்றையும் தாண்டி அவனுக்கு அது மட்டும் கேட்கும். அம்மா பக்கத்து அறையிலிருந்து கத்திக் கூப்பிட்டால் கேட்காது.

இப்படிப்பட்டவனுக்குக் கலையரசியைப் பேசி முடித்தோம். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறாள். கடைக்கு வருகிறவர்களுக்கு நூறு சேலையை முகம் சுளிக்காமல் பிரித்துக் காட்டுவாள். ஆனால் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வாள்.

நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்தது குமரேசனின் கூட்டாளி கோபி. நம்ம ஆள் பட்டுச் சட்டைப் பையில் பேட்டரியைக் குலுக்கிக்கொண்டு கோபி பின்னாலேயே ஓடினான். ஆல்பம் வந்தது. ஒரு படத்தில்கூட அவன் பெண்ணைப் பார்க்கவில்லை. மோதிரம் போடும்போதுகூட ஃப்ளாஷையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலமே கலையரசி எனக்கு போன் செய்தாள்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க. தாலி கட்டும்போது என் மொகத்தப் பாக்கணும். அப்பவும் அந்த டப்பாவையே பாத்துக்கினு இருந்தார்னா, தாலிய அதுக்கே கட்டிக்கட்டும். நான் எழுந்து போய்க்கினே இருப்பேன்."

"சும்மா சொல்றியாம்மா?" என்று கேட்டேன்.

"நான் சும்மா சொல்றதில்ல அண்ணி."

அவனிடம் சொன்னேன். "ஐயய்யோ, பாக்காம இருப்பனாக்கா" என்று சத்தியம் செய்தான். செய்த கையோடு கோபியிடம் கொடுக்க ரோஸ் குடும்பத்தை சார்ஜில் போட்டான்.

கல்யாணம் மயிலம் முருகன் கோயிலில். ஆவணி மாத வளர்பிறை முகூர்த்தம் என்றால் அங்கே கேட்கவே வேண்டாம். தூணுக்குத் தூண் ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண், ஒரு மேளம். எந்த மேளம் யாருக்கு என்று தெரியாமல் பக்கத்து மாப்பிள்ளைக்கு அட்சதை போட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே நாலு பேர் இருந்தார்கள். கல் மண்டபம், உள்ளே வெளிச்சம் குறைவு. போனில் எடுத்துப் பார்த்தோம், எல்லார் முகமும் ஆட்டுக்கல் போல வந்தது. ஃப்ளாஷ் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

கோபி ஃப்ளாஷை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒரு படம் எடுத்தான். பளிச்சென்று வந்தது. சந்தோஷமாகக் கேமராவை இறக்கினான். ஃப்ளாஷ் மறுபடி பளிச்சென்றது. அவன் தொடவே இல்லை. மறுபடி பளிச். மறுபடி பளிச். எங்கள் பெரியம்மா ஒவ்வொரு பளிச்சுக்கும் முந்தானையைச் சரிசெய்து, சிரித்து, நிமிர்ந்து நின்றாள். படமே எடுக்கப்படவில்லை என்று அவளிடம் யார் சொல்வது?

"இன்னாடா இது, பேய் பிடிச்சா மாரி அடிக்குது?" என்று கோபியிடம் கேட்டேன்.

"தெர்லக்கா. செவப்பு செட்டு காலி. இப்பதான் போட்டேன்" என்றான். ரோஸ் போட்டான். அதுவும் பளிச் பளிச்சென்று தன்பாட்டில் அடித்துத் தீர்ந்தது.

மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்த குமரேசனின் காது விடைத்துக்கொண்டது. குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்ல அவனும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவன், அதே ராகத்தில், "ட்ரிகர்ல சேனல மாத்துடா கோபி" என்றான். குருக்கள் ஒரு நிமிஷம் நிறுத்தி, இவன் எதைச் சொன்னான் என்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். கோபி அதையும் மந்திரம் என்றே நினைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். ட்ரிகர் என்பது கேமரா மேல் மாட்டுகிற சின்னப் பெட்டி. பட்டனை அழுத்தினால் அது வயர் இல்லாமலே தூரத்தில் நிற்கும் ஃப்ளாஷை அடிக்கச் சொல்லும். ரேடியோ மாதிரி அதில் சேனல் உண்டு. விழுப்புரம், திண்டிவனம் போட்டோகாரர்களின் வாட்ஸப் குழுவில், "இத வாங்குங்க, ஏமாத்தாது" என்று எழுதி எல்லாரையும் ஒரே மாதிரி ட்ரிகர் வாங்கவைத்தவன் வேறு யாருமில்லை, என் தம்பிதான். யாரும் சேனலை மாற்றவில்லை, கடையிலிருந்து வந்தபடி எல்லாருக்கும் ஒன்றாம் சேனல். மற்ற நாளில் ஒருத்தர் செஞ்சியில் இருப்பார், ஒருத்தர் விக்கிரவாண்டியில் இருப்பார், வம்பில்லை. இன்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அடுத்த தூணில் விழுப்புரம் ஆனந்தராஜ் அண்ணன் பட்டனை அழுத்தினாலும் எங்கள் ஃப்ளாஷ் அடித்தது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் எங்கள் ஃப்ளாஷ் மொய் வைத்துக்கொண்டிருந்தது.

ஊதாக் குடும்பமும் முடிந்தது. கோபி பையைத் தலைகீழாகக் கொட்டினான். சீப்பும் சுருட்டிய கைக்குட்டையும்தான் விழுந்தன.

அதற்குள் தாலித் தட்டு எல்லாரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. குருக்கள் தாலியை எடுத்துக் குமரேசன் கையில் கொடுத்தார். அவன் கை முன்னால் நீண்டிருந்தது. முகமோ அப்படியே பக்கவாட்டில், செத்துப்போன ஃப்ளாஷைப் பார்த்தபடி.

நான் கலையரசிக்குப் பின்னால் நின்றிருந்தேன். எங்களில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவன் அக்காவோ தங்கையோ போடுவது. அதனால் அவர்கள் பேசியது எனக்கு மட்டும் கேட்டது.

"எங்க பாக்குறீங்க?" என்றாள் அவள்.

"உன்னத்தான்."

"பாக்கல."

"ஒரே நிமிஷம் கலை."

அவள் வலது கையைத் தரையில் ஊன்றினாள். எழுந்திருக்கப் போகிறவர்கள் ஊன்றுவது போல. இவள் போய்விடுவாள், நிச்சயம் போய்விடுவாள். அவள் போனால் குற்றம் அவள்மேல் இல்லை என்று நானே ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் தோளில் கையை வைத்து அழுத்தினேன். "கொஞ்சம் இரும்மா. நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது. குமரேசன் சொன்னது மந்திரமில்லை என்று அப்போதுதான் புரிந்து, கோபி ட்ரிகரின் சேனல் பொத்தானில் கட்டைவிரலை வைத்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் அழுத்தினால் எங்கள் ஃப்ளாஷ் அடிக்கிறது என்றால், நாங்கள் அழுத்தினால் அவர்கள் ஃப்ளாஷும் அடிக்கத்தானே வேண்டும்?

"டேய் கோபி, மாத்தாத. கைய எடு" என்றேன். பிறகு, கல்யாணப் பெண்ணின் நாத்தனார் என்ற மரியாதையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அடுத்த தூணைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "ஆனந்தராஜ்ண்ணா, உங்க ஃப்ளாஷக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. ஜல்தி."

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "யாருக்கும்மா?"

"குமரேசனுக்கு. அவன் கல்யாணம்தான் நடக்குது. எங்களுது எல்லாம் காலி."

"நம்ம குமரேசனுக்கா? எங்க மாப்ள கட்டி முடிச்சாச்சி, இப்பதான் புது பேட்டரி செல்லும் போட்டேன். எடுத்துக்கோ" என்று ஸ்டாண்டைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பினார். திருப்பிவிட்டு அடுத்த தூணுக்குச் சொன்னார். அவர் அதற்கடுத்தவருக்குச் சொன்னார். தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள், கட்டி முடித்தவர்கள், ஐந்தாறு பேர் ஸ்டாண்டுகளை எங்கள் பக்கம் திருப்பினார்கள். ஒருவர் கையிலேயே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கல்யாணத்துச் சொந்தக்காரர்களும் என்னமோ ஏதோ என்று எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பெரியம்மா முந்தானையைச் சரிசெய்தாள்.

நான் குனிந்து குமரேசன் காதில் சொன்னேன். "இனிமே ஃப்ளாஷுல ஒனக்கு வேலயே இல்ல. ஊரே பாத்துக்குது. நீ அவளப் பாருடா."

அவன் திரும்பினான்.

அன்று காலையிலிருந்து அவன் அவளை ஒருமுறையாவது சரியாகப் பார்த்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். இப்போது பார்த்தான். அவளும் தரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் தாலியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். குருக்கள் "கெட்டிமேளம்" என்றார். மேளம் கொட்டியது. "கட்டுங்க" என்றார். இவன் கட்டவில்லை. "கட்டுப்பா" என்று இன்னொரு தடவை சொன்னார். நான் முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம்தான் கட்டினான்.

கோபி அழுத்தினான். அத்தனை பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வெளிச்சம் கொட்டியது. கல் தூண்களில் இருந்த யாளி, யானை எல்லாம் பகல் மாதிரி தெரிந்தன. கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. கோபி விடாமல் அழுத்தினான், வெளிச்சமும் விடாமல் வந்தது. எனக்குக் கண் கூசி, முடிச்சு எங்கே என்று தடவித்தான் கண்டுபிடித்தேன். இரண்டு முடிச்சும் போட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அக்கினியை வலம்வந்து முடித்ததும் கோபி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மாப்பிள்ளை, பெண், அவன் என மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள், நானும் எட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு படத்தை நான் எங்கள் வீட்டு ஆல்பம் எதிலும் பார்த்ததில்லை. அவள் கன்னத்தில் மாலையின் நிழல்கூட விழவில்லை. இவன் அவளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

குமரேசன் படத்தை உற்றுப் பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான். பிறகு கோபியிடம் நிஜமான கவலையோடு கேட்டான்.

"செல்லுதான் எல்லாம் காலியாயிடுச்சே. இவ்ளோ வெளிச்சம் எங்கருந்துடா வந்துச்சி? ஃப்ளாஷா அடிச்சிது?"

கோபி என்னைப் பார்த்தான். நான் கலையரசியைப் பார்த்தேன். அவள் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்தவே முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.