நாலரை மீட்டர்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். செம்பியன் இன்றைக்கும் ஆதம்பாக்கத்தில் இருக்கிறான். போய்க் கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். ஒரே ஒரு முறை சொன்னான். தேதி, மணி எல்லாம் அவன் கேமராவிலும் போனிலும் பதிவானபடியே சொன்னான். அதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

செம்பியன் ஒரு நாளிதழில் விளையாட்டுப் போட்டோகிராபர். மைதானத்தின் ஓரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, நடுவில் ஓடுகிறவனின் மூக்கு நுனி வேர்வையைப் படம் எடுக்கிற வேலை. அதற்கென்று ஒரு அறுநூறு எம்.எம். லென்ஸ் வைத்திருந்தான். மூன்று கிலோ கனம், வாளி போல வாய். அதைத் தோளில் போட்டுக்கொண்டு சீனிவாசபுரம் குடியிருப்பின் படியில் இறங்கினால், "பீரங்கி கெளம்பிச்சுடா" என்பார்கள். கடற்கரை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படுப்பான். "எனுக்கு ஜுரம் வந்தா இவ்ளோ பாப்பியாய்யா?" என்று பாஞ்சாலி கேட்பாள். பாஞ்சாலி அவன் மனைவி. அவன் டப்பாவின் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான்.

வீடு நாலாவது மாடியில். பால்கனியில் நின்றால் அடையாறு கடலில் கலக்கிற முகத்துவாரம் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் உடைந்த பாலம். எதிர்க்கரையில் கிளம்பி, ஆற்றின் மேல் பாதி தூரம் வந்து, அந்தரத்தில் முடிந்துபோகிற பாலம். மேட்ச் இல்லாத நாட்களில் பறவை எடுக்க அங்கேதான் போவான். பால்கனியிலிருந்து நேராகப் பார்த்தால் அறுநூறு மீட்டர்தான் இருக்கும். வண்டியில் போனால் பட்டினப்பாக்கம் தாண்டி, திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறு சுற்றி, ஊரூர் குப்பம் வழியாக... ஆறு கிலோமீட்டருக்குக் குறையாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒரே மகள், தமிழ்நிலா. ஏழு வயது. அப்பன் பாலத்துக்குப் போகிற நாளில் காலை 6.20க்கு டாண் என்று பால்கனிக்கு வந்து ஸ்லேட்டைத் தூக்கிப் பிடிப்பாள். அதில் பெரிதாக ஒரே ஒரு வார்த்தை இருக்கும். பன். பூரி. வடை. இன்னும் பெரிதாகத் தெரிய லென்ஸுக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடியும் மாட்டி, அந்த வார்த்தையை அவன் படிக்க வேண்டும். திரும்பும்போது அதை வாங்கிவர வேண்டும். எழுதியது ஒன்றும் வந்தது ஒன்றுமாக இருந்தால், அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஒருநாள் 'யானை' என்று எழுதினாள். பெசன்ட் நகரில் கடை திறக்கிறவரை காத்திருந்து பிளாஸ்டிக் யானை வாங்கி வந்தான். எத்தனையோ கோப்பைகளை, எத்தனையோ வெற்றிகளை அந்த லென்ஸ் பார்த்திருக்கிறது. அந்த ஸ்லேட்டைப் போல எதுவும் சந்தோஷம் கொடுத்ததில்லை என்று செம்பியன் என்னிடம் சொன்னான்.

போன வருஷம் ஜனவரி மூன்றாம் தேதி. காலை 6.14.

ஒரு நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காட்சியின் இடது ஓரத்தில், கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் இருந்தது. பூஞ்சைதான் என்று நினைத்தான். துடைத்துப் பார்த்தான், போகவில்லை. அன்றைக்கே ஷரீஃபிடம் ஓடினான். ஷரீஃப் லென்ஸ் பழுது பார்க்கிறவன், அவனுக்குத் தம்பி மாதிரி. பிரித்து, விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஷரீஃப் கையை விரித்தான்.

"பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. புத்தம் புதுசு மாதிரி கீது."

அவன் சொன்னது சரிதான். மறுநாள் மைதானத்தில் எடுத்த முந்நூறு படத்திலும் ஒரு கறை இல்லை. ஆனால் பாலத்துக்குப் போனால் மட்டும் அது வந்தது. ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

ஜனவரி பத்து. காலை 6.17.

அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. இந்த மாதிரி லென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தூரத்துப் பறவையைப் பார்க்கும்போது கிட்டத்தில் ஒரு புல் குறுக்கே வந்தால், அது புல்லாகத் தெரியாது, புகையாகத்தான் தெரியும். அப்படியென்றால் இந்த மங்கல் லென்ஸுக்கு உள்ளே இல்லை.

வெளியே இருக்கிறது. அவனுக்கு முன்னால். ரொம்பக் கிட்டத்தில்.

தலையைத் தூக்கி வெறும் கண்ணால் பார்த்தான். ஒரு அடி முன்னால் பாலம் முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் காற்றுதான். கீழே தண்ணீர்.

லென்ஸின் பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. பறவை எடுக்கிறவர்கள் அதைத் 'தூரம்' என்றே வைத்திருப்பார்கள். மறுபக்கம் தள்ளினால் கிட்டத்தில் இருப்பதும் தெளியும். அதுவும் நாலரை மீட்டர் வரைதான். அதற்கு உள்ளே வந்த எதையும் அந்த லென்ஸால் பார்க்க முடியாது.

ஸ்விட்சைத் தள்ளினான்.

க்ர்ர்ர்... லென்ஸுக்குள் மோட்டார் சுற்றியது. சுற்றி, நின்றது.

முழுக்கக் கறுப்பு. கறுப்பு நூல்கள். நூல்கள் இல்லை... தலைமுடி. நனைந்து ஒட்டிப்போன தலைமுடி. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கனத்து, விழுந்தது.

யாரோ அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றிருந்தார்கள். லென்ஸ் எந்தப் பக்கம் பார்த்ததோ, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு... அவன் வீட்டுப் பால்கனியை.

கேமரா முக்காலியோடு லென்ஸைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் பாதிவரை பின்னோக்கியே நடந்தான். திரும்பி முதுகைக் காட்டத் தைரியம் வரவில்லை. கரையில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த குப்பத்துச் சூடாமணி அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, பாத்துட்டியா?"

"யாருக்கா அது?"

"அவ வூடு அந்தாண்ட. இப்ப உங்க பில்டிங் கீதே, அந்த எடத்துல. பாலம் ஒடஞ்சதும், வூட்டுக்குப் போணும் போணும்னு இங்கயே நின்னுக்கினு இருந்தா. தண்ணியில எறங்கி நடந்தா." அக்கா குனிந்து மட்டியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஐந்து நாள் பாலம் இருக்கிற திசைக்கே அவன் போகவில்லை. ஆறாவது நாள் காணும் பொங்கல். முகத்துவாரத்தில் பூநாரைகள் இறங்கியிருக்கின்றன, படம் வேண்டும் என்று ஆபீஸிலிருந்து போன் வந்தது. பகலில் பேய் இருக்குமா, எல்லாம் கண்ணின் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் முந்தின ராத்திரி மகளிடம் கண்டிப்பாகச் சொன்னான்.

"நாளைக்குப் பால்கனிக்கு வராத தமிழு."

"ஏன் நைனா? உனக்கு இன்னா வாங்கினு வரணும்னு எப்டித் தெரியும்?"

"நானே வாங்கினு வரேன். வராத."

பாஞ்சாலியிடம் கதவைத் தாழ்ப்பாள் போடச் சொன்னான். பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் கவுனைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து, அதோடேயே குழந்தை தூங்கிப்போனாள். தலையணைக்குப் பக்கத்தில் ஸ்லேட் இருந்தது.

ஜனவரி பதினாறு. காலை 6.20.

பூநாரையை விட்டுவிட்டு லென்ஸை வீட்டுப் பக்கம் திருப்பினான். பால்கனிக் கதவு மூடியிருந்தது. யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

6.21. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். சாம்பல் மங்கல் இல்லை. படம் சுத்தமாக இருந்தது. போய்விட்டாள்...

எங்கே?

6.22. கீழ் ஓரத்தில் ஒரு மங்கல். சின்னதாக. சாம்பல் இல்லை.

மஞ்சள்.

அவன் விரல் ஸ்விட்சைத் தேடியது. இரண்டு முறை வழுக்கியது.

க்ர்ர்ர்...

துணி தெரிந்தது. மஞ்சள் துணி. கழுத்தோரம் சிவப்பு நூலில் போட்ட பூ. பாஞ்சாலி போட்ட பூ.

லென்ஸை மெல்ல மேலே தூக்கினான்.

தமிழ்நிலா.

அவள் கண்கள் அவனைத்தான் பார்த்தன. ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது. உதடு அசைந்தது. நை... னா. சத்தம் இல்லை.

கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தான். காற்று. தண்ணீர். எதுவும் இல்லை.

மறுபடி லென்ஸில் பார்த்தான். இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

விளிம்பில் குப்புறப் படுத்து இரண்டு கையையும் நீட்டினான். வெறும் காற்று. நாலரை மீட்டர். அவ்வளவுதான் தூரம்.

6.24. போனை எடுத்தான். நாலாவது மணியில் பாஞ்சாலி எடுத்தாள்.

"தமிழு எங்க?"

"பக்கத்துல தான் தூங்கிக்கினு கீது. ஏன்யா?"

"தொட்டுப் பாரு."

"இன்னாய்யா காலங்காத்தால..." பேச்சு பாதியில் நின்றது. பிறகு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஐய... இன்னாய்யா இது. கொழந்த தலையெல்லாம் ஈரமா கீது."

லென்ஸில் தமிழ்நிலா எதையோ தூக்கினாள். மரச்சட்டத்தின் மேல் விளிம்பு மட்டும் படத்துக்குள் வந்தது.

அவன் காத்திருக்கவில்லை. நீங்களாக இருந்தால் எங்கே ஓடுவீர்கள்? காற்றில் நிற்கிற பிள்ளையிடமா, வீட்டில் படுத்திருக்கிற பிள்ளையிடமா? முக்காலியைச் சாய்த்து, லென்ஸை வாரிக்கொண்டு, வீட்டைப் பார்த்து ஓடினான். ஆறு கிலோமீட்டர். வண்டி ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை.

6.43க்குப் படியேறினான். குழந்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேலில் மஞ்சள் கவுன் இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி துண்டால் துடைத்துக்கொண்டே அழுதாள். அவன் மகளைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தான். உப்புக் கரித்தது.

"வந்துட்டியாப்பா?" என்றாள் குழந்தை.

அதற்கு முன்னால் அவள் அவனை நைனா என்றுதான் கூப்பிடுவாள். பயத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டான்.

பத்தே நாளில் ஆதம்பாக்கத்துக்கு வீடு மாறினார்கள். அங்கே ஆறும் இல்லை, கடலும் இல்லை. லென்ஸை ஷரீஃபிடம் தள்ளிவிட்டான், யாருக்காவது விற்றுவிடு, என் கண்ணில் காட்டாதே என்றான். சாமான் கட்டும்போது வீடு முழுக்கத் தேடியும் ஸ்லேட் மட்டும் கிடைக்கவில்லை. தமிழ்நிலாவும் அதைக் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். புது இடம், வேடிக்கை பார்க்கிறாள் என்று பாஞ்சாலி சொன்னாள்.

பிப்ரவரி ஒன்பது. காலை 6.31. ஷரீஃப் போன் செய்தான்.

"அண்ணா, ஒருத்தருக்கு லென்ஸ் காட்டலாம்னு ஒடஞ்ச பாலத்துக்கு எட்தாந்தேன். நீ சொன்ன கறை நெஜமாவே கீதுண்ணா. ஆனா நீ சாம்பல்னு சொன்னே. இது மஞ்சளா கீது."

செம்பியன் எழுந்து நின்றான்.

"ஸ்விட்ச்ச தள்ளாத ஷரீஃப்."

"தள்ளிட்டேண்ணா." மூச்சு வாங்குகிற சத்தம். "ஒரு ஸ்லேட்டு தெரியுது. அதைப் புடிச்சிக்கினு ரெண்டு சின்னக் கை. அண்ணா... முன்னாடி யாருமே இல்லண்ணா."

"இன்னா எழுதிக்கீது?"

அலைச் சத்தத்துக்கு நடுவில் ஷரீஃப் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"'என்னை'னு எழுதிக்கீது. அவ்ளோதான். இன்னாண்ணா அர்த்தம்?"

செம்பியன் போனை வைக்கவில்லை. காதிலேயே வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். எதிரே ஜன்னலில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் நின்றிருந்தாள். இன்னும் குளிக்கவில்லை. பின்னல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கனத்து...

சொட்.

"தமிழு," என்றான். "உனக்கு இன்னிக்கு இன்னா வாங்கினு வரட்டும்?"

அவள் திரும்பவில்லை.

"ஒண்ணும் வேணாம்ப்பா. அதான் வீட்டுக்கு வந்துட்டேனே."