பின் சீட்டில் இடித்த முட்டி

இது ராத்திரியில் நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில் நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வாயில் இடது பக்கம் இரண்டு பல் எங்கே போயிற்று என்று கேட்கலாம். என் தம்பி தேவாவிடம் பேசிப் பார்க்கலாம். அவன் சொல்லும் பதிலை, அவன் வாய்ப் பக்கம் காதைக் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருக்கும்.

என் பெயர் கலைமதி. அப்போது மரக்காணத்தில் இருந்தேன். 2005 ஜூன் மாதம் என் வீட்டுக்காரர் புருஷோத்தமன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனார். இரண்டு வருஷ விசா. போவதற்கு முன்னால் பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கியிருந்தார். வெள்ளை நிறம். திரும்பி வந்ததும் மரக்காணத்துக்கும் பாண்டிக்கும் சவாரி அடிக்கலாம் என்று சொன்னார்.

எங்கள் தெருவுக்குள் வேன் நுழையாது. பலராமன் என்ற உப்பள முதலாளியைக் கேட்டு, அவருடைய பழைய மோட்டார் கொட்டகையில் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் உப்புப் பாத்திகள். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் பழைய இன்ஜின் ஆயில் பூசினார். நின்ற இடத்திலேயே டயர் அமுங்கி வீணாகக் கூடாது என்று நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, கீழே கருங்கல் அடுக்கினார். மேலே தார்ப்பாய் போட்டார். எல்லாம் முடிந்ததும் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"வாரா வாரம் ஞாயித்துக்கிழம வந்து ஸ்டார்ட் பண்ணு. இல்லன்னா பேட்டரி எறங்கிடும். பத்து நிமிஷம் ஓடணும். நீதான் வரணும். வேற எவன் கையிலயும் சாவியக் குடுக்காத."

கியரை ஆட்டிப் பார்ப்பது எப்படி, சாவியைத் திருப்புவது எப்படி என்று காட்டினார். ஒரு தடவை தப்பாகத் திருப்பினேன். பின்மண்டையில் அடி விழுந்தது. அவருக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். கல்யாணமாகி ஆறு வருஷம். எனக்கும் பழகிப் போயிருந்தது.

ஜூலை 3. முதல் ஞாயிறு. சரியாக நாலு மணிக்குக் கொட்டகையைத் திறந்தேன். தார்ப்பாயை விலக்கி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே பிடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் இருந்தேன். வெளியே சவரியம்மாள் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அந்த அளத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நிறுத்தினேன். பூட்டினேன். வந்துவிட்டேன்.

ஐந்து வாரம் இப்படியே போனது.

ஆகஸ்ட் 7. ஏறி உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. அதில் என் முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது. சரி, எப்போதோ நான்தான் தட்டியிருப்பேன் என்று நினைத்து நேராக்கினேன்.

அடுத்த வாரமும் கழுத்துதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 21. டிரைவர் சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. நான் ஒருநாளும் பெல்ட் போட்டதில்லை. காலியான சீட்டின் மேல் குறுக்கே இழுத்து, பூட்டில் செருகியிருந்தது. எவ்வளவு இறுக்கம் என்றால், சீட்டு மெத்தையில் பள்ளமே விழுந்திருந்தது. பூட்டை அழுத்தினேன். பெல்ட் சட்டென்று அறுந்த கயிறு மாதிரி மேலே பாய்ந்தது. என் உள்ளங்கை கிழிந்துவிட்டது.

கொட்டகைக்கு ஒரே பூட்டு. ஒரே சாவி. அது என் தாலிக்கயிற்றில் ஊக்குப் போட்டு மாட்டியிருந்தது.

சவரியம்மாளிடம் கையைக் காட்டினேன். போன டிசம்பரில் கடல் கொண்டுபோனவர்கள் இங்கேதான் சுற்றுகிறார்கள் என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சு அப்போது ஊர் முழுக்க இருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 18. நாலு மணி ஆறு நிமிஷம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகில் ஏதோ இடித்தது.

பஸ்ஸில் பின் சீட்டில் நெட்டையான ஆள் உட்கார்ந்தால் அவர் முட்டி நம் முதுகில் இடிக்குமே, அதே மாதிரி. முதலில் ஒரு முட்டி. பிறகு இன்னொன்று. இரண்டும் மெதுவாக அழுத்தின. நான் முன்னால் நகர்ந்தேன். அதுவும் கூடவே வந்தது.

திரும்பினேன். பின் சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் ரெக்சின் மெத்தை அமுங்கியிருந்தது... நான் பார்க்கப் பார்க்க அது மெதுவாக மேலே எழும்பியது. யாரோ எழுந்துகொள்கிற மாதிரி.

என் பின்னங்கழுத்து முடியை ஒரு கை பிடித்தது. தலை பின்னால் வெடுக்கென்று போனது. நான் கத்திக்கொண்டே கதவைத் தள்ளிக் கீழே விழுந்தேன். கொத்தாக முடி போயிருந்தது. அந்த இடத்தில் ரத்தம். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. பெட்ரோல் தீர்ந்து அதுவாக நிற்கும் வரை நான் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அவர் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்வார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். எலியாக இருக்கும் என்றார். பெட்ரோல் வாங்கி ஊற்றி ஒழுங்காக ஸ்டார்ட் பண்ணு, லீவில் வரும்போது வண்டி ஓடவில்லை என்றால் உன்னைக் கொன்றுபோடுவேன் என்றார். வைத்துவிட்டார்.

மூன்று ஞாயிறு நான் போகவில்லை. நாலாவது வெள்ளிக்கிழமை, பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவர் பேசிய பேச்சு பூத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அன்றைக்கே பாண்டியில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்த என் தம்பிக்குச் சொல்லியனுப்பினேன்.

அக்டோபர் 16. கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு தேவா வந்தான். முதல் மழை விழுந்து உப்பளத்தில் வேலை நின்றிருந்தது. பாத்தி எல்லாம் மழைத்தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரம் ஆள் கிடையாது. தேவாவுக்கு இருபத்து நாலு வயசு. நல்ல உடம்பு. மூட்டை தூக்குகிற தோள்.

"நீ வெளிய நில்லு அக்கா. நான் பாத்துக்கறேன்."

பின்பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, சீட்டுக்கு அடியில் எல்லாம் பார்த்தான். எலி இல்லை. ஒன்றும் இல்லை. கதவை மூடி, பெட்ரோலை ஊற்றிவிட்டு முன்னால் ஏறினான். நான் கொட்டகை வாசலில் நின்றேன்.

4:10. சாவியைத் திருப்பினான். பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்தோம். முதல் தடவையே பிடித்தது.

4:13. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

4:14. சிரிப்பு நின்றது. உட்கார்ந்தபடியே லேசாக முன்னால் நகர்ந்தான். என்னை எப்படி இடித்ததோ அப்படித்தான் அவனையும் இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டேய்... எறங்குடா."

அவன் கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனான். பெல்ட் தானாகக் கீழே வந்தது. பாம்பு மாதிரி இல்லை. பழகின ஆள் கை எப்படி இழுக்குமோ அப்படி வந்தது. மார்பு மேல் போகவில்லை. கழுத்தைச் சுற்றிப் போனது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

பிறகு இழுத்தது.

தேவாவின் தலை சீட்டின் மேல்விளிம்பில் போய் மோதியது. டங். கால் இரண்டும் மேலே வந்து ஸ்டீயரிங்கை உதைத்தன. ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. அவன் முகம் சிவந்து, கறுத்து, நாக்கு வெளியே வந்தது.

ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். திறக்கவில்லை. செங்கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தேன். மூன்றாவது அடியில் உடைந்தது. உள்ளே கைவிட்டுப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடித் துண்டு முழங்கை வரைக்கும் கிழித்தது. ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. அவ்வளவு இறுக்கம்.

உப்புக் குவியலை மூட ஓலை வெட்டுகிற அரிவாள் கொட்டகை மூலையில் கிடந்தது. எடுத்தேன். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை உள்ளே நுழைத்தேன்.

அப்போது அது என்னையும் பிடித்தது.

முடியைப் பிடித்தது. என் முகத்தை ஸ்டீயரிங்கில் அடித்தது. ஒரு தடவை. வாய் முழுக்க ரத்தம். இரண்டாம் தடவை. பல் உடைந்து தொண்டைக்குள் போனது. மூன்றாம் தடவை எனக்குக் கண் தெரியவில்லை.

தேவாவின் கால் உதைப்பது நின்றுவிட்டது. அது மட்டும் தெரிந்தது.

நான் அரிவாளை வீசினேன். பெல்ட்டை நோக்கி இல்லை. அவன் தலைக்குப் பின்னால், வெறும் இடத்தில் வீசினேன்.

பட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன். அரிவாள் எதிலோ பட்டது. கசாப்புக் கடையில் கேட்குமே... அந்தச் சத்தம். அரிவாள் இறங்கி அங்கேயே நின்றது. அந்தரத்தில். நான் இழுத்தேன். வரவில்லை. எலும்பில் மாட்டிய மாதிரி. என் காதுக்குப் பக்கத்தில், ஓர் அங்குலம்கூட இருக்காது, யாரோ மூச்சு இழுத்தார்கள். நீளமான மூச்சு.

இரண்டு கையாலும் பிடுங்கினேன்.

திரும்ப வெட்டினேன்.

வெட்டினேன்.

வெட்டினேன்.

எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு வெட்டு பெல்ட்டில் விழுந்தது. தேவா முன்னால் சரிந்தான். கதவு திறந்துகொண்டது. அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டேன்.

வண்டி குலுங்கியது. உள்ளே யாரோ சுவரில் சுவரில் மோதுகிற மாதிரி... தடார்... தடார்... கருங்கல் சரிந்து ஒரு பக்கம் விழுந்தது. மூடியிருந்த பின்பக்கக் கதவு சர்ரென்று திறந்தது. மூடியது. திறந்தது. மூடியது.

4:31க்கு எல்லாம் நின்றது.

அரிவாளைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. பின் சீட்டு ரெக்சினில் ஒரு கீறல்கூட இல்லை.

தேவாவை ரோடு வரை இழுத்துக்கொண்டு போனேன். ஹாரன் சத்தம் கேட்டு, ரோட்டோரத்துக் குடிசையிலிருந்து சவரியம்மாள் ஓடி வந்தாள். பாண்டி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தான். குரல்வளை நொறுங்கிவிட்டது. அதன் பிறகு அவனுக்குக் குரல் வரவில்லை. காற்று மட்டும்தான் வருகிறது.

போலீஸ் என்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டது. டாக்டர் தேவா கழுத்தில் விழுந்திருந்த தடத்தைக் காட்டி, இது பின்பக்கம் உட்கார்ந்த ஆள் முட்டியைச் சீட்டில் முட்டுக்கொடுத்து இழுத்தது, இந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பலம் கிடையாது என்றார். யார் அந்த ஆள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று தேவா பேப்பரில் எழுதிக் காட்டினான். கடைசியில் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து பூத்திலிருந்து நானே குவைத்துக்கு போன் செய்தேன். தேவா வண்டியில் உட்கார்ந்ததைச் சொன்னேன்.

"உனக்கு ஒன்னும் ஆகலியா?" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பூத்திலேயே நின்று அழுதேன்.

டிசம்பரில் வீட்டு டிரங்குப் பெட்டியில் வண்டியின் ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. அதில் பழைய சொந்தக்காரர் பெயர் மாயவன் என்றிருந்தது. பெரிய முதலியார்சாவடி விலாசம். பஸ் ஏறிப் போனேன். இந்த வண்டியில் யாரோ ஒரு டிரைவர் செத்திருக்க வேண்டும், அது அவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் சம்சாரம், பிள்ளைகள் யாராவது இருந்தால் கேட்கலாம் என்று.

கதவைத் திறந்தவரே மாயவன்தான். ஐம்பது வயசு இருக்கும். வீட்டுக்குள்ளேயும் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். வண்டி நம்பரைச் சொன்னேன். துண்டை எடுத்தார். தேவா கழுத்தில் இருக்கும் அதே தழும்பு. இரண்டு சுற்று.

அந்த வருஷம் ஜனவரியில் கூனிமேட்டுக்குப் பக்கத்தில் நடந்ததாம். மூன்று பேர் சவாரிக்கு ஏறி, கழுத்தை இறுக்கிப் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பொய்மா. சொன்னா எவன் நம்புவான்? வண்டியில அன்னைக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன். எனக்கு வித்தவனத் தேடிக்கினு போனேன். திண்டிவனத்துல இருக்கான். அவனும் சட்டக் காலர் பட்டன கழுத்து வரைக்கும் போட்டுக்கினுதான் நின்னான். அவனுக்கும் ஒன்னும் தெரியல."

தெரிந்திருந்தும் எங்கள் தலையில் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"காயலாங்கடைக்குப் போடத்தாம்மா வச்சிருந்தேன். உன் வீட்டுக்காரருதான் கேள்விப்பட்டு, தேடிக்கினு வந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். தனியா உக்காராதன்னு சொல்லி, இந்தக் கழுத்தையும் காட்டினேன். பயப்படவே இல்ல. ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

மாயவன் துண்டை மறுபடியும் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"பொம்பள உக்காந்தாலும் அது வருமான்னு கேட்டாரும்மா."