அம்மா நிற்காத கல்யாணப் படம்

மகளே, உன் கல்யாண ஆல்பத்தில் என் பக்கத்தில் அம்மா ஏன் இல்லை என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைப்பதாக உன் தம்பி சொன்னான். அது உண்மையில்லை. நீங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் துபாயில் ஏசி போட்ட கடைக்குள் நின்று வேலை பார்த்தவன். உங்கள் அம்மா புதுமடத்துக் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுப்பவள். தண்ணீருக்குள் போகும்போது கண்ணையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் மூடுகிற மாதிரி ஒரு கண்ணாடி மாட்டுவாள். அந்த இடத்துத் தோல் மட்டும் வெளுப்பாக, சுருக்கமில்லாமல் இருக்கும். மற்றதை வெயிலும் உப்பும் தின்றுவிட்டன. என்னைவிட இளையவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் தலைக்கு டை வேறு அடிப்பேன்.

உன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ராமநாதபுரம் போனோம். அவள் ஒரு பட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் என்னிடம், “சார், உங்க அம்மாவை இங்கிட்டுக் கூட்டியாங்க. பெரியவுக கட்டுற நூல் சேலை இங்கன இருக்கு” என்றார்.

“ஆமாய்யா, இவரைப் பெத்து வளக்குறதுக்குள்ள இப்பிடி ஆயிட்டேன்” என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் ஒருநாள், இளமையைத் திருப்பித் தருவதாகப் போர்டு வைத்திருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கிருந்த பெண் அவள் கண்ணோரத்தைத் தொட்டு, இதுதான் உங்கள் நிஜத் தோல், மற்றதையும் இப்படிக் கொண்டுவந்துவிடலாம் என்றாள். அப்போது உங்கள் அம்மா முகத்தில் வந்த ஆசையை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மருந்து பூசி மேல்தோலை உரித்தார்கள். புதுத்தோல் தேறும்வரை வெயிலும் உப்புத்தண்ணீரும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் டை அடிப்பதை விட்டுவிடுகிறேன் என்றேன்.

“நீங்க கிழவனாயிட்டா நான் குமரியாயிருவேனா? சும்மா இருங்க.”

வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கூடப் பாசிக்குப் போகிற பெண்கள் வந்து, ஒருத்திக்குக் காய்ச்சல், வள்ளத்துக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டாள். துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கினாள். உப்பில் ஊறிய அந்தத் துணி நாள் முழுக்கப் பிஞ்சுத் தோலில் உரசியது. கன்னம் இரண்டிலும் கருந்திட்டுகள் படர்ந்தன. மெதுவாகத்தான் மாறும் என்றார்கள் கிளினிக்கில். நீங்கள் கேட்டபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லிவைத்தாள். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

அன்றைக்கு அவளுக்குப் பதிலாக உன் பெரியம்மாதான் மேடையில் தாம்பாளம் பிடித்தாள். பெண்ணோட அப்பா அம்மா வாங்க என்று போட்டோகிராபர் கூப்பிட்டபோது நான் சமையல் கட்டுக்குப் போனேன். பட்டுச்சேலை கட்டி, திட்டு மறைய அப்பியிருந்த பவுடர் வியர்வையில் வழிய, இலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க மட்டும் போங்க. அவளுக்கு ஆயுசுக்கும் இருக்குற படம். யாரு இந்தக் கிழவின்னு அவுக வீட்டுல யாராச்சும் கேட்டா, பிள்ளை என்ன சொல்லுவா?”

தனியாகத்தான் வந்து நின்றேன்.

இப்போது திட்டுகள் மங்கிவிட்டன. பழையபடி கடலுக்குப் போகிறாள். வள்ளத்தில் அவள் சிரிக்கிற சத்தம் கரைக்குக் கேட்கிறது. ஆனால் உன் வீட்டுக்கு வரும்போது பார்த்திருப்பாய், பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என்னை முன்னால் போகவிட்டுத்தான் நடப்பாள். அவளுக்காக நான் மெதுவாக நடந்தால் அவளும் மெதுவாக நடக்கிறாள்.