கொங்காணி போட்ட கன்னியாஸ்திரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சின்னக்கானல் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து கிள்ளியவளுக்கு அட்டையும் யானையும் போதும், இதற்கெல்லாம் ஏது நேரம்? நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம், நான் ஒரு வார்த்தையையும் மாற்றப் போவதில்லை.

எஸ்டேட்டில் வயது முடிந்து என்னை நிறுத்தியதும் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிற லயத்து வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது, எங்கே போவேன்? நான் போகவில்லை. லயத்திலேயே இருந்துகொண்டு பக்கத்துக் கன்னியர் மடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்துகொண்டேன். அங்கே ஹாலில் ஒரு பழைய படம், செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தது, முழுக்கக் கறுப்பு மை. ஒரு வயதான அம்மா, தலையில் முக்காடு, முன்னால் மேசையில் ஒரு காகிதமும் இறகுப் பேனாவும், அவள் கை மட்டும் அதைத் தொடாமல் மடியில் இருந்தது. அந்த முக்காட்டை, மழைக்கு நாங்கள் தலையில் கவிழ்க்கிற சாக்குக் கொங்காணி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன், அவளும் கொழுந்துக்காரிதான் என்று. வெட்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. மதர்தான் பிறகு விளக்கினார். அந்தக் காலத்தில் அவள் நாட்டு அரசாங்கம் மடங்களை மூடி, விருப்பப்பட்டுத்தான் வெளியேறுகிறோம் என்று எழுதி வாங்கியதாம், இந்த அம்மா மட்டும் கடைசிவரை கையெழுத்துப் போடவே இல்லையாம். அன்றிலிருந்து எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு மழை நாள், மத்தியானம், சிஸ்டர்கள் எல்லோரும் மூணாறு போயிருந்தார்கள். எஸ்டேட் சூப்பர்வைசர் மடத்து ஹாலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டை மனதார விட்டுக் கொடுக்கிறேன் என்று மலையாளத்தில் ஒரு காகிதம், கூடவே ஒரு நீலப் பேனா.

"செல்லம்மா, இங்க ஒரு ஒப்பு இட்டா மதி."

அவர்கள் பாஷையில் ஒப்பு என்றால் கையெழுத்து, மதி என்றால் போதும்; நமக்கோ ஒப்பு என்றால் சம்மதம். தெரியும், தெரிந்தும் எரிந்தது எனக்கு.

"ஒப்ப மாட்டேன் சார். தூக்கி வெளியில போட்டாலும் ஒப்ப மாட்டேன்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் எனக்குப் பின்னால் பார்த்தார், பார்த்தபடியே எழுந்து நின்றார், பேனாவை யாரிடமோ கொடுப்பதுபோல் நீட்டினார், குடையைக்கூட எடுக்காமல் காகிதத்தோடு மழையில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்த்தேன். சுவரும் படமும்தான் இருந்தன.

மறுநாள் குடைக்கு வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார். நனைந்த சாக்குக் கொங்காணி போட்ட ஒரு கிழவி பேனாவை வாங்கிக்கொண்டு, "அவதான் ஒப்ப மாட்டேன்னு சொல்லிட்டால்லா, பெறகு என்ன?" என்று கேட்டாளாம். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், கன்னியாஸ்திரி முக்காடு தெரியாதா அவருக்கு? சாக்கு என்று நான் நினைத்ததை அவருக்கு யார் சொன்னது?

பிரமை என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் திரும்பி வரவில்லை, நான் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறேன். பேனாவை ஹால் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. படத்தை வாராவாரம் நானேதான் துடைக்கிறேன், சட்டத்தில் ஒரு ஆணிகூட அசையவில்லை. ஆனால் முழுக்கக் கறுப்பு மையில் அச்சடித்த அந்தப் படத்தில், கண்ணாடிக்கு உள்ளே, அவள் விரல் நுனியில் மட்டும் நீலம்.