பட்டாசுக் குழாயில் ஒரு விளக்கு

விருதுநகர் பேருந்து நிலையத்தில் ஞாயிறு காலை ஏழரை மணிக்குச் சிவகாசி வண்டி ஏறினோம். ஏறத்தாழ இருபத்தேழு கிலோமீட்டர். ஆளுக்கு எட்டு ரூபாய். உடன் வந்தவன் நண்பன் பாஸ்கரன், மதுரையில் கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவன். பல்பும் ஹோல்டரும் இருந்த பையை மடியிலிருந்து கீழே வைக்க மறுத்துவிட்டான். நான் ஊர் பார்க்கப் போனேன், அவன் விளக்கு பார்க்கப் போனான்.

"இன்னைக்குக் கம்பெனி லீவாச்சே, யாரைப் பாக்கப் போறீக?" என்று கேட்டார் நடத்துநர்.

"விளக்கு செய்றவங்களை," என்றான் பாஸ்கரன்.

"இங்கன வெடி செய்வாக, தீப்பெட்டி செய்வாக. விளக்கு யாரு செய்றா?" பதிலுக்குக் காத்திராமல் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

இருபுறமும் சீமைக்கருவேலம். அதற்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்னப் பட்டாசு அறைகள். ஒன்று வெடித்தால் மற்றது தப்பிக்க அந்த இடைவெளி. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. திருத்தங்கல் தாண்டி ஒரு டீக்கடை நிறுத்தத்தில் இறங்கினோம்.

மாடசாமி அங்கேயே காத்திருந்தார். காலண்டரும் வெடி லேபிளும் அடிக்கும் அச்சகத்தில் வேலை. வெட்டி எறியும் படக் காகித விளிம்புகளை மடித்து, பருத்தி நூலோடு சேர்த்துத் திரைச்சீலை நெய்கிறார். மதுரைக் கண்காட்சி ஒன்றில் அதைப் பார்த்த பாஸ்கரன், பட்டாசுக் குழாயில் விளக்கு செய்ய முடியுமா என்று கேட்டிருந்தான். செய்தவர் மாடசாமியின் மனைவி குருவம்மாள். பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய்களின் அடிப்பக்கத்தை அடைப்பவர்.

வீட்டு வாசலில் அந்தத் திரை தொங்கியது. ஒரு வரியில் கிளியின் மூக்கு, அடுத்ததில் லட்சுமியின் வளையல் கை. பாய் நெய்யலாமே என்றேன்.

"சாமி படமும் கலந்து வருது. மிதிக்கவா முடியும்?" என்றார் மாடசாமி.

குருவம்மாள் டீ கொடுத்தார். கொடுத்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார். "நாளையிலருந்து என்னைய வெடிமருந்து செலுத்துற ரூமுக்கு மாத்திட்டாக. எனக்கு அங்கன போகப் பயமா இருக்கு. நீங்க ஆர்டர் குடுத்தீகன்னா நான் வீட்டுலயே இருந்துக்கிருவேன்." பாஸ்கரன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

விளக்கைக் கொண்டுவந்தார்கள். விரல் நீளக் காலிக் குழாய்களை, வாய் வெளியே பார்க்க, உருண்டையாக ஒட்டியிருந்தார் குருவம்மாள். பெரிய கடம்பம்பூ மாதிரி இருந்தது. ஹோல்டரைக் கொண்டு வந்தவன் பாஸ்கரன் என்பதால் அதுவரை யாரும் அதை எரித்துப் பார்த்ததில்லை. மேலே விட்டிருந்த துளை வழியாகப் பல்பை உள்ளே இறக்கி, ஹோல்டரால் துளையை மூடி, கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டான்.

எரியவில்லை. கரண்டு இல்லையோ என்று மின்விசிறியைப் பார்த்தோம். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாஸ்கரன் ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"உள்ளே அடைச்சிருக்கே!"

எல்லாக் குழாயின் அடியிலும் களிமண் அடைப்பு. கம்பெனியில் குழாய் கைக்கு வந்தால் அடியை அடைக்க வேண்டும். வீட்டிலும் கை அதையே செய்திருக்கிறது. பல்பு உள்ளே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

குருவம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுகூட விடாம அடைச்சிருக்கேனே." மாடசாமிக்குச் சிரிப்பு வந்து, மனைவி முகத்தைப் பார்த்ததும் நின்றது. எனக்கும் சங்கடமாக இருந்தது.

"தட்டி உதிர்த்துடலாமா?" என்றான் பாஸ்கரன்.

"தட்டுனா பசை விட்டுரும்," என்றார் குருவம்மாள்.

அவரே எழுந்துபோய்க் குத்தூசியோடு வந்தார். வெடிக்குத் திரி வைக்க ஓட்டை போடும் ஊசி அது. பல்பைக் கழற்றச் சொல்லி, விளக்கை மடியில் வைத்து, ஒவ்வொரு குழாயின் வாய்க்குள்ளும் ஊசியை விட்டுக் குத்தினார். மண் பொடி சேலையில் உதிர்ந்தது. கடைசிக் குழாய் முடிந்ததும் பாஸ்கரன் பல்பை மாட்டி மறுபடி சுவிட்சைப் போட்டான்.

சுவர், கூரை, மாடசாமியின் சட்டை எங்கும் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"இப்படியே இருபது வேணும். அடைப்பும் வேணும், ஓட்டையும் வேணும்," என்றான் பாஸ்கரன். பேரம் பேசாமல் அவன் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

அன்று சிவகாசியில் தங்கி, மறுநாள் காலை அதே டீக்கடை நிறுத்தத்தில் இறங்கினோம், மாடசாமி விற்க மடித்து வைத்திருந்த இன்னொரு திரையை வாங்கிக்கொள்ள. கம்பெனி வேன் வந்து நின்றது. பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறினார்கள். குருவம்மாள் வெறுங்கையோடு வந்து ஓட்டுநரின் ஜன்னல் அருகே நின்றார்.

"நான் வரலண்ணே. விளக்கு ஆர்டர் வந்திருக்கு."

"எம்புட்டு நாளைக்கு?"

"இருபது விளக்குக்கு."

"அதுக்குப் பெறகு? வேன்ல உன் சீட்டைப் பிடிச்சு வைக்கவா?"

குருவம்மாள் வேனுக்குள் எட்டி அந்த இடத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்ண்ணே. நிக்கிறவுகள உக்காரச் சொல்லுங்க."